பிடியரிசிப் பானை

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அரிசிக்கு இரண்டு பானைகள். பெரிய பானை எங்களுக்கு. அதையொட்டி, விளிம்பில் விள்ளல் போன சிறிய மண்கலயம் ஒன்று இருக்கும். ஒரு காலத்தில் பனையில் பாளைக்குக் கட்டிய கலயம் அது. உள்ளே பூசிய சுண்ணாம்பு திட்டுத்திட்டாக ஒட்டிக்கிடக்கும். அம்மா பெரிய பானையிலிருந்து நாழியால் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவாள். புடைத்து, கல் பொறுக்கி, கழுவப் போகுமுன் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். போடும்போது உதடு லேசாக அசையும். என்ன சொல்கிறாள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அரிசி ஓலைப்பெட்டியில் ஏறிக் கோயிலுக்குப் போகும்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர் எங்களுடையது. சிவந்த மணல், உடைமரம், கண்ணுக்கு எட்டுமட்டும் பனை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சர்ச் என்று சொல்லும் வழக்கமில்லை, கோயில்தான். குருவானவரை ஐயர் என்போம். பிடியரிசி போடாத வீடு அபூர்வம். எல்லா வீட்டு அரிசியும் கோயில் தாழ்வாரத்தில் ஒரே சாக்கில் விழும். அதை ஏலம் போட்டு வரும் பணம் சபைக் காரியங்களுக்குப் போகும். சில வாரம் ஏலம் போடாமல், அரிசியாகவே இல்லாத வீட்டுக்குப் போகும். நாங்கள் எப்போதும் கொடுக்கிற வீடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பா பனையேறி. பங்குனியிலிருந்து ஆடி கழியும்வரை நாற்பது பனை, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, அதில் கால் வைத்து ஏறி, தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, மரத்தை மார்போடு அணைத்து மேலே போவார். இடுப்பில் அரிவாள் பெட்டி தொங்கும். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயத்தில் வடிந்திருக்கும் பதநீரைக் குடுவையில் சரித்துக்கொண்டு இறங்குவார். கீழே விடிலியில் அம்மா அதைக் காய்ச்சுவாள். பதநீர் கொதித்துக் குழம்பாகி, சிரட்டையில் ஊற்றி ஆறினால் கருப்பட்டி. ஒரு நாளைக்கு எண்பது தடவை மரத்தைக் கட்டிக்கொள்கிறவரின் மார்பு எப்படியிருக்கும் என்று பக்கத்தில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு மார்பும் உள்ளங்கையும் காய்த்து, சிராய் உரசினால்கூடக் கீறாது.

1988, ஆனி மாதம். மேல்காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கிற காலம். நான் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஆள் வந்தது. நான் ஓடிப்போய்ச் சேரும்போது அப்பாவை நான்கு பேர் கையும் காலும் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உயரத்திலிருந்து விழுந்தவரை அப்படித் தூக்கக்கூடாது, பலகையோடு கட்டித்தான் அசைக்க வேண்டும் என்று பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது படித்தேன். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. பதறிப்போய், அன்பினால் செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கருப்பட்டிக்கு முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, உட்கார்ந்தார், அவ்வளவுதான். அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தார். எட்டாவது படித்துக்கொண்டிருந்த அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பீடி சுற்றப் போனாள். அம்மா அடுத்தவர் விடிலியில் கூலிக்குக் காய்ச்சினாள். வீட்டில் ஒருவேளை உலை.

அந்த ஒருவேளை உலைக்கு அம்மா அரை நாழி அளந்தாள். புடைத்தாள். ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் பொறுத்தேன். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

“எம்மா, ஒனக்குக் கூறு இருக்கா? நமக்கே இல்ல. யாருக்குப் போடுத?”

“ஒரு பிடிதானல.”

“அந்த ஒரு பிடியில அப்பாவுக்குக் கஞ்சி வைக்கலாம்.”

அம்மா பதில் சொல்லவில்லை. அரிசியைக் கழுவி, கழுநீரை வாளியில் ஊற்றிவிட்டு, அடுப்பை ஊதப் போனாள். புகையில்தான் அவள் கண்ணைத் துடைத்தாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். எல்லாம் நன்மைக்குத்தான் என்று சொன்ன ஒரு சித்தி இன்னும் ஞாபகத்தில் இருக்கிறாள். அம்மா அவளுக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ராத்திரி ஜெபத்துக்கு நான்தான் வாசிப்பேன். அந்த நாட்களில் துதிக்கிற சங்கீதம் எதையும் அவள் கேட்கவில்லை. 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்வாள். 150 சங்கீதங்களில் புலம்பல் பல உண்டு. அவற்றில் அநேகம் முடிவில் எப்படியோ திரும்பி ஆறுதலுக்கு வந்துவிடும். 88 திரும்பாது, இருட்டிலேயே நின்றுவிடும். வாசித்து முடித்ததும் அம்மா விளக்கைத் தணிப்பாள். மறுநாள் கலயத்தில் பிடியரிசி விழும். இரண்டும் ஒரே பெண்பிள்ளை செய்கிற காரியமா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா எதையும் கேட்கவில்லை. ஐயர் வந்து ஜெபம் பண்ணும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். திரும்ப முடிந்தது தலை மட்டும்தான். ஆனால் எங்கள் உபதேசியார் விடாத ஆள். வாரத்துக்கு இரண்டு தடவை சைக்கிளில் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் இடையன்குடிக் கோயிலைப் பற்றிச் சொன்னார். கால்டுவெல் ஐயர் 1847-இல் அஸ்திவாரம் போட்டது, 1880-இல்தான் பிரதிஷ்டை ஆனது, முப்பத்து மூன்று வருஷம் பொறுமையாகக் கட்டினாவ என்றார்.

அப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “அது கோயில். முதுகெலும்பு இல்லையே.”

உபதேசியார் சிரித்துவிட்டார். அப்பா பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுத்த தடவை வந்தபோது டோனாவூர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஏமி கார்மைக்கேல் எங்கள் சீமையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்து, 1901-லிருந்து டோனாவூரில் பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். அதற்குப் பிறகு 1951-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலும் அந்த அறையிலும்தான்.

அப்பா இந்தத் தடவை தலையைத் திருப்பினார்.

“படுத்துக்கிட்டே அந்தம்மா என்ன செஞ்சாவ?”

“எழுதினாவ. புஸ்தகம் புஸ்தகமா எழுதினாவ.”

“எனக்கு எழுதத் தெரியாது” என்று அப்பா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கதை வீணாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். நாலைந்து நாள் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டு, பச்சை மட்டை நாலு வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். முதுகுக்கு அண்டை கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்து, மட்டையைக் கிழித்து நார் உரிக்கத் தொடங்கினார். கால் போனவருக்குக் கை போகவில்லை என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்தான். முதலில் பின்னிய நார்ப்பெட்டி கோணலாக வந்தது. அதை அம்மா விற்கவில்லை, வெங்காயம் போட்டு வைத்தாள்.

அந்த ஐப்பசியில்தான் அது நடந்தது. அடைமழை. விடிலியில் வேலை இல்லை. பெரிய பானையில் கை விட்டால் அடிமண் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, நனையாமல் ஒரு கடகப்பெட்டியைக் கொண்டு வந்து அடுப்பங்கரையில் வைத்தார்கள். ஒன்றும் பேசவில்லை. ஒருத்தி அம்மாவின் தோளைத் தொட்டாள். போய்விட்டார்கள்.

பெட்டிக்குள் பிடியரிசி.

அப்போதுதான் அதை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். ஒரே அரிசி இல்லை. சிவப்பரிசி, வெள்ளையரிசி, ரேஷன் புழுங்கல், யாரோ வசதியான வீட்டுப் பச்சரிசி, நொய், நடுவில் இரண்டு மூன்று உளுந்தங்குருணை. ஊரில் ஒவ்வோர் அடுப்பிலிருந்தும் ஒரு கை. எந்தக் கை எந்த அரிசி என்று பிரிக்க முடியாது. நாங்கள் போட்டதும் அதற்குள் இருந்திருக்கும். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. கொடுக்கிற வீடு, வாங்குகிற வீடாகிவிட்டது.

அம்மா அந்த அரிசியை வெகுநேரம் ஊறப் போட்டாள். “கலப்பரிசி ஒரே பதத்துல வேகாதுல. பச்சரிசி கொழையும், புழுங்கல் வெறைக்கும். ஊறவிட்டா ரெண்டும் கொஞ்சம் கிட்ட வரும்” என்றாள். அவள் சொன்னபடிதான் ஆனது. அந்தச் சோறு வாயில் ஒரு பக்கம் குழைவாகவும் ஒரு பக்கம் நறுக்கென்றும் இருந்தது. நாங்கள் நாலு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

சொல்ல விட்டுவிட்டேன். ஊறப்போடுமுன் அந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி அள்ளி அவள் கலயத்தில் போட்டாள். கோயிலிலிருந்து வந்த அரிசி, திரும்பக் கோயிலுக்கு. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. பிடி போட்டபின் அம்மாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததுபோல் இருந்தது. நாங்கள் மறுபடி கொடுக்கிற வீடு.

மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல். அக்கா பீடிக்கடைக்குப் போய்விட்டாள். உலை வைக்கிற வேலை எனக்கு. அளந்தேன், புடைத்தேன், கல் பொறுக்கினேன். கலயம் பக்கத்தில்தான் இருந்தது. பார்க்காததுபோல் அரிசியைச் சட்டியில் கொட்டித் தண்ணீர் விடப் போனேன்.

“ஏல. பானையில போட்டியா?”

கட்டிலிலிருந்து அப்பா. ஐயருக்கு முகம் காட்டாத அப்பா.

“இல்லப்பா.”

“போடு.”

போட்டேன்.

“அது பிள்ளப் பிடி. ஒங்க அம்மா பிடி பெருசு. இன்னொண்ணு போடு.”

இரண்டாவது பிடியும் போட்டேன். அப்பா நாரைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டே பின்னலுக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு விசுவாசம் வந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அந்தக் கட்டிலில் இருந்தார். நல்ல நாளும் இருந்தது, சுவரைப் பார்க்கிற நாளும் இருந்தது. படுக்கைப் புண் வந்து ராத்திரியெல்லாம் அரற்றியிருக்கிறார். ஆனால் பிடியரிசி போட்டாயா என்று கேட்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அம்மா மறந்த நாளில்கூட அவர் மறக்கவில்லை.

அக்காவின் படிப்பு போனது போனதுதான். கணக்கில் அவள் வகுப்பில் முதலாவது. அதற்கு நன்றி சொல்ல யாராலும் முடியாது. அம்மாவும் ஒருநாளும் சொன்னதில்லை.

டோனாவூருக்கு நான் போனது அப்பா இறந்தபின். அங்கே ஏமி கார்மைக்கேலின் கல்லறையைப் பார்த்தேன். தன் பெயர் பொறித்த கல் வைக்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் ‘அம்மா’ என்று ஒரு சொல்லை மட்டும் பொறித்திருக்கிறார்கள். வெயில் நேரம். நான் ஜெபம் எதுவும் பண்ணவில்லை. அப்பாவின் கோணல் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

பிழைப்பு என்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது. ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பேச்சுவாக்கில் எங்கள் வீட்டுக் கலயத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வீட்டிலும் பிடி அரிசி உண்டாம். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சொன்ன திட்டம் அது. தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தால், அதைச் சேர்த்துச் சமைத்துக் கோயிலில் நிவேதனம் செய்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். மிசோரம் சபைகளிலும் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைக்கிற வழக்கம் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது என்று பிறகு ஒரு புத்தகம் திருத்தும்போது தெரிந்தது. நான் எங்கள் தேரிக்காட்டோடு முடிந்த காரியம் என்று நினைத்திருந்தேன்.

ஆனாலும் சென்னை வீட்டில் நான் பிடியரிசி போட்டதில்லை. மாதக் காணிக்கையைக் கவரில் வைத்துக் கொடுப்பதோடு சரி.

2020 மார்ச் 25. ஊரடங்கு. அச்சகம் மூடியது, பிறகு திறக்கவேயில்லை. எனக்கு நாற்பத்து நாலு வயது, கையில் தெரிந்த ஒரே தொழில் ஒற்றுப்பிழை பார்ப்பது. ஏப்ரலில் ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தார்கள். வட்டம் போட்ட இடத்தில் நின்று வாங்கி வந்தேன். கோயில்களும் பூட்டிக்கிடந்தன. மனம் விட்டுப்போனால் தினமும் நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை எழுது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் ஐந்து வந்தது. இரண்டாம் நாளும் அதே ஐந்தைச் சொல் மாற்றி எழுதினேன். மூன்றாம் நாள் நானே மெய்ப்புப் பார்த்தேன். ஐந்தில் நாலு பொய். மனசில் இருந்தது பயமும் கோபமும். அதன்மேல் அழகாக எழுதி ஒட்டியிருந்தேன்.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு. காது கொஞ்சம் மந்தம். கேட்க வேண்டும் என்று முப்பது வருஷமாக இருந்ததைக் கேட்டேன்.

“எம்மா, அப்பா விழுந்த வருஷம் பிடியரிசி போட்டியே. அப்ப ஒனக்கு நன்றியா இருந்துச்சா?”

“என்னது?”

“நன்றி, நன்றி. ஆண்டவருக்கு.”

“நன்றியா? கோவந்தான் இருந்துச்சு.” கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “பானைக்குத் தெரியவா போவுது?”

“போடும்போது வாய் முணுமுணுக்குமே. என்ன சொல்லுவ?”

“ஸ்தோத்திரம்னு சொல்லுவேன். அந்த வருஷம் மட்டும் வேற சொன்னேன்.”

“என்ன சொன்ன?”

“அது அவருக்கும் எனக்கும். ஒனக்கு எதுக்கு?” என்று போனை வைத்துவிட்டாள்.

கலயத்தில் கை விட்டவள் திட்டியிருக்கிறாள். திட்டிக்கொண்டே போட்டிருக்கிறாள். போட்டுக்கொண்டே இருந்ததால்தான் திட்டுவதற்கு எதிரில் ஒருவர் இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றி உள்ளே நிறைந்து வழிந்தால்தான் கை நீள வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அம்மா மனசைக் கேட்காமல் கையை நீட்டினாள். மனசு எந்த மாதத்தில் வந்து சேர்ந்தது என்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம்.

மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். வீட்டில் ரேஷன் புழுங்கலும், முன்பு வாங்கியதில் மிச்சமிருந்த பச்சரிசியும் இருந்தன. எது அன்றைக்கு உலைக்கோ அதிலிருந்து ஒரு பிடி. முதல் வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஸ்தோத்திரம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சும்மா போட்டேன். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அரிசி அள்ளும்போது, அள்ள இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். வந்துவிட்டு உடனே போயும்விட்டது. ஆனால் அது பொய் இல்லை.

சென்னையில் வழிபாட்டுத் தலங்களைத் திறந்தது செப்டம்பர் 1-ஆம் தேதிதான். அதற்குள் பாட்டில் நாலைந்து தடவை நிறைந்துவிட்டது. கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. கீழ் வீட்டில் பெயிண்டர் ஒருவர் குடியிருந்தார். வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள். முதல்முறை நிறைந்தபோது பையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி வாங்கத் தயங்கினாள். எனக்குப் பழைய ஐப்பசி மழை ஞாபகம் வந்தது. நானும் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் பார்த்தபோது, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்த அரிசி பாதி குழையுது, பாதி வேகவே மாட்டேங்குது. எப்படி வடிக்கிறதுன்னே தெரியல.”

“அது கலப்பரிசிம்மா” என்றேன். “கொஞ்சம் கூடுதலா ஊறவிடணும்.”